ஜூஜூவாடிக்கு இப்பாலும் அப்பாலும்: புகையிலைத் தடையும் ஓசூர் மக்களின் உடல்நலமும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 44இல் கர்நாடகத்தின் கடைசிப் பேரூர் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு தொடங்கிவிடும். அத்திப்பள்ளிப் பெட்டிக்கடையில் கண்ணெதிரே சரம் சரமாகத் தொங்கும் மெல்லும் புகையிலைப் பொட்டலம், ஜூஜூவாடிக்குள் நுழைந்ததும் தடை செய்யப்பட்ட பொருளாகிவிடுகிறது. ஓசூர் சிப்காட், அட்கோ, சூளகிரி, குருபரப்பள்ளி, கந்திகுப்பம் என்று கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் நிலையங்களின் பெயரோடு வரும் பறிமுதல் செய்திகளை நாளிதழ் வாசிப்போர் அறிவார்கள். காய்கறி மூட்டைகளுக்கு அடியில், காரின் பின்பக்கத்தில், சரக்கு வேனில். ஹான்ஸ், கூல் லிப், விமல் என்று பட்டியல். இத்தனை கிலோ, இத்தனை லட்சம் மதிப்பு, ஓட்டுநர் கைது.

இந்தச் செய்திகளில் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புகையிலை பயன்படுத்துவோர் கூடினார்களா, குறைந்தார்களா? பறிமுதலான சரக்கை எடை போடும் அக்கறையில் ஒரு பங்கைக்கூட அந்தச் சரக்கு யார் வாய்க்குப் போகிறது என்று எண்ணிப் பார்ப்பதில் நாம் காட்டுவதில்லை. புகையிலைத் தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு மாநிலங்களும் ஒரே தொழிலாளர் சந்தையாகக் கலந்துவிட்ட ஓர் இடத்தில், ஒரு மாநிலம் தனியே போடும் தடை மக்களின் உடல்நலத்தைக் காத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. அவற்றை நாம் இன்னும் தொடங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டின் தடைக்கு நீண்ட வரலாறு உண்டு. 2001 நவம்பரில், அன்றைய உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின்கீழ், குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் ஐந்தாண்டுத் தடை விதித்த அரசு இது. நாட்டிலேயே முன்னதாக இறங்கிய மாநிலங்களில் ஒன்று. 2004 ஆகஸ்டில் கோடாவத் பான் மசாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த அடித்தளம் சரிந்தது. இப்படி நீண்டகாலத் தடை விதிக்கும் அதிகாரம் மாநில உணவு அதிகாரிக்கு இல்லை, அது மத்திய அரசின் கையில் இருக்கிறது என்றது தீர்ப்பு. குட்கா பழையபடி கடைகளில் தொங்கியது.

வழி மீண்டும் திறந்தது 2011இல். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் வந்த ஒழுங்குமுறை 2.3.4, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக்கூடாது என்று ஒரே வரியில் சொன்னது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மத்தியப் பிரதேசம் 2012 ஏப்ரலில் முதலில் தடை விதித்தது. 2013 மே மாதத்தில் தமிழ்நாடும் அதே மாதக் கடைசியில் கர்நாடகமும் தடை விதித்தன. ஆக, குட்கா என்ற கலவை இரு மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தடைக்கு உள்ளாயிற்று. வேறுபாடு பிறகுதான் தொடங்கியது. தமிழ்நாட்டு அறிவிக்கை, எந்தப் பெயரில் விற்றாலும் புகையிலை அல்லது நிகோடின் சேர்ந்த மெல்லும் பொருள்கள் அனைத்தையும் தன் வலைக்குள் இழுத்தது. அத்திப்பள்ளியிலும் பெங்களூரிலும் புகையிலை தனியாக, பான் மசாலா தனியாக, இரண்டு பொட்டலங்களாகத் தாராளமாகக் கிடைத்தன. வாங்குகிறவர் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொண்டால் குட்கா தயார். இந்த இரட்டைப் பொட்டல விற்பனை நாடு முழுவதும் நடந்த சூழ்ச்சி. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே இதைக் குறித்து மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். புகையிலை சேராத பான் மசாலா பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிடையேயும் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே பாக்கை, புகையிலையின் துணை இல்லாமலே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கன்னத்தின் உட்புறத் தசை நார்போல் இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமல் போகும் நோய்க்கு முதன்மைக் காரணம் பாக்குதான். இருபது வயதுக்காரர்களுக்கும் அது வருகிறது.

தமிழ்நாட்டுத் தடையின் சட்ட உறுதியும் கேள்விக்குள்ளானது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு ஆணையருக்குத் தரும் தடை அதிகாரம் ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டுதோறும் புதுப்பித்துப் புதுப்பித்து அதை நிரந்தரத் தடையாக்குவது சட்டத்துக்கு முரண் என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டின் அறிவிக்கையை ரத்து செய்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்த பிறகே அரசுக்கு மூச்சு வந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கொரு அறிவிக்கையின் பலத்தில் நின்ற ஒரு நலக் கொள்கை இது. சட்டமன்றத்தில் முறையாக ஒரு சட்டம் இயற்றி இதை நிலைநிறுத்தியிருக்கலாம். உறுப்பினர்கள் யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் புகையிலைப் பழக்கத்தை அளக்கும் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வு இந்தியாவில் 2009–10இலும் 2016–17இலும் நடந்தது. இரண்டு சுற்றுகளுக்கும் நடுவில் நாடு முழுவதும் பயன்பாடு 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்தது. கர்நாடகத்தில் 28.2இலிருந்து 22.8. தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20.0. நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் இறங்கிய காலத்தில் ஏறிய மிகச் சிலவற்றில் நம்முடையது ஒன்று. புகைக்காத வகைப் புகையிலையை மட்டும் எடுத்தால் தமிழ்நாடு 8.1இலிருந்து 10.6 ஆயிற்று, கர்நாடகம் 19.4இலிருந்து 16.3 ஆயிற்று. கடுமையான தடை வந்தது 2013இல். அதற்கு முந்தைய அளவீட்டைவிடப் பிந்தைய அளவீடு அதிகம்.

இதை வைத்து, தடை போட்டதால்தான் பழக்கம் கூடியது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு சுற்றுகளிலும் கேள்விக்கு உள்ளானவர்கள் வேறு வேறு ஆட்கள். மாநில அளவில் மாதிரி சிறியது. ஒரு சில விழுக்காட்டு ஏற்ற இறக்கத்தில் கணிப்புப் பிழைக்கும் பங்குண்டு. தடை இல்லாதிருந்தால் இன்னும் அதிகமாக ஏறியிருக்குமோ என்பதும் நியாயமான கேள்வி. 2014இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களில் நடத்திய ஆய்வில், குட்கா போடுகிறவர்களிலும் போட்டு விட்டவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் தடையை வரவேற்றார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பழக்கத்துக்கு ஆளானவரே தன் கைக்கு அது எட்டாமல் இருக்கட்டும் என்று விரும்புகிறார். ஆனாலும் கர்நாடகத்தின் அளவு இன்னும் நம்மைவிட உயரத்தில் இருக்க, அது இறங்கிக்கொண்டும் நாம் ஏறிக்கொண்டும் ஒருவரையொருவர் நெருங்குகிறோம் என்பது கண்ணை மூடிக் கடந்துபோகக் கூடியதல்ல. அந்த நெருக்கம் முதலில் தெரிய வேண்டிய இடம் எல்லை மாவட்டம். அங்கேதான் நம்மிடம் தரவு இல்லை. அந்த ஆய்வு மாநிலத்தை அலகாகக் கொண்டது. மாவட்டத்துக்குத் தனி எண் தருவதில்லை.

மாவட்ட எண் இருந்தாலும் ஓசூரில் அதை எதனால் வகுப்பது? கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 18.8 லட்சம். அதற்குப் பிறகு ஓசூர் மாநகராட்சியாகிவிட்டது. கார்ப்பரேஷன் எல்லைக்கு வெளியே தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பர்கூர் பக்கமெல்லாம் புதிய ஆலைகள் வந்தன. எழுபதுகளில் சிப்காட் வளாகத்தோடு தொடங்கி, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த ஊரில் இப்போது கைப்பேசிப் பாகங்களும் மின்சார ஸ்கூட்டர்களும் உருவாகின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்குகிறார்கள், அல்லது நிறுவனம் தரும் விடுதியில். நாள்தோறும் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் போய்வருகிறவர்கள் வேறு. கணக்கெடுப்புக்காரர் வீடு வீடாகச் செல்லும்போது விடுதிகள் பட்டியலில் சேர்வதில்லை. ஷிப்டுக்குப் போனவரின் அறை பூட்டிக் கிடக்கும். மக்கள் நல ஆய்வில் வகுக்கும் எண் சரியாக இல்லாவிட்டால் எந்த விகிதமும் சரியாக இராது. ஓசூரில் வகுக்கும் எண் பத்தாண்டுக்கும் மேல் பழையது.

இந்த ஊரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. வடக்கிலிருந்து வந்தவர்களால்தான் இங்கே இந்தப் பழக்கம் பரவியது என்பார்கள். 2016–17 ஆய்வில் ஒடிசாவின் பயன்பாடு 45.6 விழுக்காடு, ஜார்க்கண்ட் 38.9, மேற்கு வங்கம் 33.5, அசாம் 48.2 என்பது உண்மை. பீகாரின் எண் 25.9தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கைனி மென்று பழகிய இளைஞன் ஊர்விட்டு ஊர் வந்தால் அதைத் தேடத்தான் செய்வான். தேவை இருக்கும் இடத்துக்குச் சரக்கு வந்துசேரும். ஆனால் தமிழ்நாட்டில் அதே காலத்தில் புகைப்போரும் 9.6 விழுக்காட்டிலிருந்து 10.5 ஆகக் கூடியிருக்கிறார்கள். வெற்றிலைப் புகையிலையும் பீடியும் மூக்குப்பொடியும் நாம் யாரிடமிருந்தும் கற்றுக்கொண்டவை அல்ல. பழியை வந்தவர் தலையில் ஏற்றிவிட்டால், பள்ளிப் பையனின் உதட்டுக்கடியில் கூல் லிப் எப்படி வந்தது என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம். அதற்காகவே அந்தப் பேச்சு விடாமல் புழங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கொள்ளைநோயியல் அறிஞர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று மக்கள் நல ஆய்வின் போக்கையே மாற்றியது. இந்த நபருக்கு ஏன் இந்த நோய் வந்தது என்பது ஒரு கேள்வி. இந்த மக்கள் கூட்டத்தில் ஏன் இந்த நோய் இவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி என்றார் அவர். பேராபத்தில் இருக்கும் சிலரைவிட, சிறிய ஆபத்தில் இருக்கும் பலரிடமிருந்தே அதிக நோயாளிகள் வருகிறார்கள் என்பதையும் காட்டினார். ஓசூரைப் பற்றி நினைக்கையில் இது மிகவும் பொருந்துகிறது. நாளுக்கு இருபது பொட்டலம் போடுகிறவரை எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பல்லும் வாயும் சாட்சி சொல்லும். இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க ஒன்றோ இரண்டோ அடக்கிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் யார் கணக்கிலும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் நோயின் பெரும்பகுதி அவர்களிடமிருந்துதான் வரும்.

ஆலைக்குள் இந்தப் பழக்கம் ஏன் புகையிலிருந்து பொட்டலத்துக்கு நகர்கிறது என்பதை ஊகிப்பது கடினமல்ல. 2003ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பணியிடத்தில் புகைப்பதைத் தடை செய்கின்றன. தீப்பற்றும் பொருள்கள் உள்ள ஆலைகளில் தீக்குச்சியோடு உள்ளே போகவே முடியாது. பீடி பிடிக்க வெளியே போனால் மேற்பார்வையாளர் பார்ப்பார். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொள்ளும் கூல் லிப் போன்ற சின்னஞ்சிறு பைக்கு நெருப்பு வேண்டாம், புகை இல்லை, துப்பவும் வேண்டாம். புதினா வாசனை வேறு. அசெம்பிளி லைனில் நின்றபடியே ஷிப்டு முழுக்க வைத்திருக்கலாம். வாயின் மென்சவ்வு வழியாக நிகோடின் மெதுவாக, ஆனால் தொடர்ந்து ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புபோன்ற காரப்பொருள் சேரும்போது அது இன்னும் எளிதாக இறங்கும். வகுப்பறைக்கும் இதே வசதிகள் பொருந்தும். 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாணவர்களிடையே கூல் லிப் பரவுவதைக் குறித்துக் கவலை தெரிவித்து, அதைப் பாதுகாப்பற்ற உணவு என்று நாடு முழுவதற்குமாக ஏன் அறிவிக்கக்கூடாது என்று கேட்டது. சரியான கேள்வி. இங்கே தடை, அங்கே விற்பனை என்ற நிலையில் ஒரு மாநிலத்துக் காவலர்கள் எத்தனை வண்டிகளைத்தான் நிறுத்துவார்கள்?

வண்டிகளை நிறுத்துவதும் முன்பைப்போல் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நாடெங்கும் நீக்கப்பட்டன. வணிகத்துக்கு அது பெரிய நன்மை. ஆனால் ஒவ்வொரு லாரியின் சரக்குச் சீட்டையும் பார்த்த ஒரு கண் எல்லையிலிருந்து போய்விட்டது. நெடுஞ்சாலையை விட்டால் பாகலூர், பேரிகை வழியாக மாலூர் பக்கம் ஒரு சாலை, தளி வழியாக ஆனேக்கல் பக்கம் ஒன்று, வேப்பனப்பள்ளி வழியாக ஆந்திரத்துக் குப்பம் பக்கம் இன்னொன்று. எல்லாவற்றிலும் இரவு பகலாக நிற்க எந்த மாவட்டக் காவல்துறைக்கும் ஆள் போதாது. புகையிலைக் கள்ளச் சந்தையை ஒழிப்பதற்கான சர்வதேச நெறிமுறையில் இந்தியா 2018 ஜூனில் இணைந்தது. அது நாடுகளுக்கிடையிலான கடத்தலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜூஜூவாடியில் பிடிபடும் பொட்டலம் புறப்பட்ட இடத்தில் வெளிப்படையான சரக்கு. எல்லை தாண்டியதால் மட்டுமே குற்றமாவது. இந்த வகைச் சரக்குக்கு அந்த நெறிமுறையில் மருந்து இல்லை. தடை பணம் பண்ணும் வழியாகவும் மாறும் என்பதற்குச் சென்னையே உதாரணம். 2016 ஜூலையில் ஒரு குட்கா உற்பத்தியாளரின் இடங்களில் நடந்த வருமானவரிச் சோதனையும், அதைத் தொடர்ந்து 2018 ஏப்ரலில் சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் யாருக்கும் மறந்திருக்காது.

பிடிபடும் கடைக்காரருக்கு இப்போது முதல் முறை 25,000 ரூபாய் அபராதமும் 15 நாள் கடை மூடலும். மூன்றாம் முறை ஒரு லட்சமும் 90 நாளும். சிறு பெட்டிக்கடைக்கு இது குடும்பத்தையே சாய்க்கும் தொகை. தயாரிக்கிறவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். மொத்த வியாபாரி பெங்களூரில். அடி விழுவது சங்கிலியின் கடைசிக் கண்ணியில்.

தடையால் மட்டுமே எல்லையைக் காக்க முயன்ற ஒரு நாட்டின் அனுபவம் நமக்கு இருக்கிறது. பூட்டான் 2004 டிசம்பரில் நாடு முழுவதும் புகையிலை விற்பனையைத் தடை செய்தது. 2010இல் கடுமையான சட்டமும் இயற்றியது. இந்தியாவோடு எல்லை திறந்திருந்தது. கடத்தல் ஒரு தொழிலாயிற்று. கொரோனா காலத்தில் எல்லையை மூடியபோது, கடத்தலோடு கிருமியும் வரும் என்று அஞ்சி 2020 ஆகஸ்டில் அந்த அரசு தானே விற்பனைக்கு இடம் கொடுத்தது. 2021இல் சட்டத்தையே திருத்தித் தடையை விலக்கியது. பூட்டான் தோற்றதற்குக் காரணம் மக்களின் உடல்நலத்தில் அக்கறை இல்லாதது அல்ல. பக்கத்து நாடு அதே சட்டத்தைப் போடவில்லை. போடச் சொல்லும் இடத்திலும் பூட்டான் இல்லை. நமக்கு அந்தக் கையறுநிலை இல்லை. கர்நாடகமும் தமிழ்நாடும் ஒரே நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டவை. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் மத்தியச் சட்டம்தான்.

எல்லைக்கு அப்பாலிருந்து பிரச்சினை மட்டுமே வருகிறது என்று எண்ணுவதும் தவறு. கர்நாடகம் 2024இல் இயற்றிய திருத்தச் சட்டம் 2025 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்படி அங்கே புகையிலைப் பொருள் விற்க வாங்குகிறவருக்குக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே இன்னும் 18. அத்திப்பள்ளியில் 19 வயதுப் பையனுக்குச் சிகரெட் விற்பது குற்றம். ஜூஜூவாடியில் சட்டப்படி விற்கலாம். இந்தியாவில் புகையிலையைத் தொடங்கும் சராசரி வயது 2016–17 ஆய்வின்படி 18.9. சட்டம் தடுக்க வேண்டிய வாசல் எந்த வயதில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மெல்லும் புகையிலையில் கர்நாடகம் நம்மைப் பார்க்கட்டும். வயது வரம்பில் நாம் கர்நாடகத்தைப் பின்பற்ற வேண்டும்.

இந்த நோயை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் சிலர் இன்றைய தமிழ்நாட்டு மண்ணிலேயே வேலை செய்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பென்டால் 1908இல் திருவிதாங்கூரின் புற்றுநோயாளிகளைப் பற்றி ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். அதே மருத்துவமனையின் ஓர் என்ற மருத்துவர் 1933இல் வெற்றிலை பாக்குப் போடுவோரின் வாய்ப்புற்று பற்றி லான்செட்டில் விரிவாக எழுதினார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற ஆய்வாளர்கள் நிறுவியது 1950இல். அவர்களுக்கு முன்பே தென்கோடியில் ஒரு சிறு ஊர் மருத்துவமனை, வாயில் போடுவதற்கும் வாய்ப்புற்றுக்கும் கோடு போட்டுவிட்டது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் உருவான அடையாறு புற்றுநோய் நிறுவனம் பின்னாளில் புற்றுநோய்ப் பதிவேட்டையும் புகையிலையை விடுவிக்கும் மையத்தையும் நடத்தியது.

கிருஷ்ணகிரிக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2003இல் லான்செட்டில் வந்தது. வெ. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்கு ஆளனுப்பி, அவர்கள் புகைத்தார்களா என்று கேட்டறிந்தார்கள்; உயிரோடிருக்கும் 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைத்தவர்களிடம் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்பில் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி வட்டாரங்களில் கிரானைட் குவாரிகளும் அறுவை, மெருகூட்டு ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. கல்லை அறுக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும். தழும்பேறிய நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். தூசியும் பீடியும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால் என்னவாகும் என்பதை இங்கே யாராவது முறையாக ஆராய வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியிலேயே திறக்கப்பட்டுவிட்டது. அதன் சமூக மருத்துவத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு கிடைக்காது.

இம்மாவட்டத்துக்கு மக்கள் நலத் திட்டங்களில் ஒரு பெருமை உண்டு. வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது சாமனப்பள்ளியில், இந்த மாவட்டத்தில்தான். இத்திட்டம் 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதையும் பெற்றது. வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டும் அந்தப் பெண் தன்னார்வலரிடம்தான் புகையிலைக் கணக்கெடுப்புக்கான திறவுகோலும் இருக்கிறது. ஆனால் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் படிவம் 30 வயதைக் கடந்தவர்களுக்கானது. சிப்காட் வாயிலில் ஷிப்டு மாறும்போது வெளியே வரும் முகங்களைப் பாருங்கள். பெரும்பாலானோர் 30ஐத் தொட்டிருக்க மாட்டார்கள். தேடிப் போகும் மருத்துவம் அவர்களின் அறைக் கதவைத் தட்டும் நேரத்தில் அவர்கள் ஆலையில் இருப்பார்கள். பணியிடத்துக்கே சென்று பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024 ஜனவரியில் வந்தது. அதில் ரத்த அழுத்தத்தோடு வாயையும் பார்க்க வேண்டும், காண்ட்ராக்ட் தொழிலாளரையும் விடாமல்.

வாயைப் பார்ப்பது செலவு பிடிக்கும் வேலையல்ல. நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். திருவனந்தபுரத்தில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரின் வாயை இப்படி வெறும் கண்ணால் சோதித்ததிலேயே வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தமிழ்நாடு 2023 நவம்பரில் மார்பகம், கருப்பை வாய், வாய்ப் புற்றுகளுக்கான பரிசோதனையை ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்கியது. திருப்பத்தூர் நமக்கு அடுத்த வீடு.

விட விரும்புகிறவர்களுக்கு நாம் கொடுக்கும் துணை மிகக் குறைவு. 2016–17 ஆய்வில், புகைக்காத வகைப் புகையிலை பயன்படுத்துவோரில் ஏறக்குறைய பாதிப் பேர் விட்டுவிட எண்ணியிருந்தார்கள். மூன்றில் ஒருவர் முந்தைய ஓராண்டில் முயன்றும் பார்த்திருந்தார்கள். இப்பழக்கம் உள்ளவர்களில் மருத்துவரிடம் போனவர்களுக்கு 'இதை விடுங்கள்' என்ற சொல் கிடைத்தது பத்தில் மூன்று பேருக்குத்தான். புகைப்போருக்கு அது பத்தில் ஐந்தாக இருந்தது. மெல்லும் புகையிலையை மருத்துவர்களே பொருட்படுத்துவதில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. தொழிலாளர் ஈட்டுறுதி மருந்தகத்தில் சளிக்கும் முதுகுவலிக்கும் வரிசையில் நிற்கும் இளைஞனிடம், அவனுடைய மொழியில், ஒரு நிமிடம் கேட்டால் போதும். ஓசூரில் அந்த மொழி தமிழாக, தெலுங்காக, கன்னடமாக, உருதுவாக, இந்தியாக, ஒடியாவாக இருக்கலாம். எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதி வைத்துவிட்டுப் பழக்கம் குறையவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

ஆகவே கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு இருக்கும் முதல் வேலை, கிலோக் கணக்கை வெளியிடும் அதே ஊக்கத்தோடு ஒரு மாவட்டப் புகையிலைக் கணக்கெடுப்பை நடத்துவது. விடுதிகளும் ஷிப்டு அறைகளும் உள்ளடங்க, பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் பக்கத்தையும் சேர்த்து, இரண்டு மாநில மருத்துவக் கல்லூரிகளும் ஒன்றாகச் செய்தால் இன்னும் நல்லது. அடுத்தது சென்னையிலும் பெங்களூரிலும் ஆக வேண்டியது: மெல்லும் புகையிலைக்கு ஒரே வரையறை, ஒரே வயது வரம்பு, தயாரிக்கும் இடத்திலேயே தொடங்கும் நடவடிக்கை. இவை இல்லாமல் ஜூஜூவாடியில் இன்னும் நூறு காவலர்களை நிறுத்தினாலும் பொட்டலம் வேறு சாலையில் வரும்.

வாசகர் ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலையிலோ, பள்ளியிலோ, தொழிலாளர் விடுதியிலோ பொறுப்பில் இருப்பவராக இருந்தால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. புகையிலையை விட உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. 2016 மே மாதம் முதல் இயங்குகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் தென்னிந்திய மொழிகளில் ஆலோசனை தருகிறது. ஓசூரிலிருந்து ஒரு மணிநேரத் தொலைவில் உட்கார்ந்து, தமிழில் பேசக் காத்திருக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இந்த எண்ணை நேரக்காப்பாளர் அறையின் அறிவிப்புப் பலகையில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே, விடுதிக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில், அங்குள்ளவர்கள் படிக்கும் எல்லா மொழிகளிலும் எழுதி ஒட்டுங்கள்.